நாலு மா மண்

புரட்டாசி 18, செவ்வாய்

காலையில் தூறல், பிறகு புழுக்கம். சூளை பிரித்தோம். முதல் சுடலில் முந்நூற்று எழுபது ஓடு. விரிசல் பதினொன்று, நெளிசல் ஆறு. மற்றது சுத்தம். தட்டினால் வெண்கலச் சத்தம். மனசு மட்டும் சரியில்லை.

பண்ணையார் வீட்டுக் கூடத்துக்கான வேலை இது. நாலு சுவரிலும் இடுப்பளவு உயரத்துக்குப் பூ ஓடு. நீலத்தில் அல்லிக்கொடி, ஓரத்தில் பச்சை. ஒவ்வொன்றையும் கையால் வரைய வேண்டும். கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில் அவர் மகள் கல்யாணம். "பம்பாய் ஓடெல்லாம் எதுக்கு, நம்ம தம்பியே பண்ணட்டும்" என்று பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நாலு பேர் கேட்கச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தலைக்கனம் என்று சரோஜா சொல்கிறாள். கட்டின பெண்டாட்டி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வீரம்மா மூன்று வருஷமாக எனக்கு மண் மிதிக்கிறாள். இந்தத் தடவைதான் மண்ணைக் குறை சொல்கிறாள். இன்று ஒரு விரிசல் ஓட்டை உடைத்துக் கொண்டுவந்து காட்டினாள். உடைந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி.

"மிதிக்கிறப்பவே சொன்னேன்ல சார், காலுக்கு நறநறங்குதுன்னு. அம்புட்டும் குஞ்சு நத்தை. பெருசெல்லாம் நான் பொறுக்கிட்டேன். பொடிசு சல்லடையில நிக்கல."

"சுட்ட பிறகு நத்தை ஏது, போய் வேலையைப் பாரு" என்றேன். போனாள்.

தெரியாமல் சொல்லவில்லை. நத்தை ஓடு சூளையில் வெந்து சுண்ணாம்பாகிவிடும். பிறகு ஈரம் கண்டால் ஊதும். ஊதினால் ஓட்டின் முகத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். அதற்குத்தான் முதல் சுடல் முடிந்ததும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்ப்பது. கெட்ட ஓடு அங்கேயே தெறித்து, தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஓட்டு வேலை படித்த பயிற்சிப் பள்ளியில் நோட்டில் நானே எழுதி, நானே சிவப்பு மையில் கோடு போட்டது.

ஊறப்போடவில்லை. காரணங்கள்:

1. ஊறினது காய நாலு நாள். இந்த மழையில் எட்டு.
2. குளத்து மண்ணுக்கு ஒரு தடவைகூட ஊறப்போட்டதில்லை. ஒன்றும் ஆனதில்லை.
3. கெட்டது என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது.

முதல் இரண்டும் சும்மா. மூன்றாவதுதான் காரணம்.

கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்தேன். கேட்கவில்லை.

புரட்டாசி 24, திங்கள்

மழை இல்லை. நாற்பது ஓடு வரைந்தேன். சரோஜா பள்ளிக்கூடம் விட்டு வந்து ஓரப் பச்சை மட்டும் தீட்டுகிறாள். கை நடுங்காது அவளுக்கு. நீலப் பொடி கூத்தாநல்லூர் பாய் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தது. அடுத்த தடவை கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்கிறார். வரையும்போது கறுப்பு, சுட்டால்தான் நீலம்.

மண் ஏன் நாலு மாவில் எடுத்தேன் என்று எழுதி வைக்கிறேன். பிற்பாடு எனக்கு நானே வேறு கதை சொல்லிக்கொள்வேன்.

வழக்கமாகக் கோடையில் குளம் வற்றினதும் வண்டல் எடுத்துக் குவித்துக்கொள்வேன். இந்தக் கோடையில் விவசாயக் கூலிச் சங்கத்து ஆட்கள் குளக்கரையில் சிவப்புக் கொடி நட்டுவிட்டார்கள். குளம் ஊருக்குப் பொது, பண்ணைக்கு இல்லை என்று. நியாயம்தான். நான் பண்ணையார் இடத்தில் கொட்டகை போட்டிருப்பவன். அதனால் நானும் பண்ணை ஆளாம். எனக்கும் மண் இல்லை.

"நாலு மாவுல வெட்டிக்குங்க தம்பி, அது சும்மாதானே கெடக்கு" என்றார் பண்ணையார்.

நாலு மா என்றுதான் அந்த வயலுக்குப் பெயர். அளவும் அதுதான். வழக்கில் கிடக்கிறது. வீரம்மாவின் புருஷன் முருகையன் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தது, அவன் அப்பன் காலத்திலிருந்து. குத்தகைதாரன் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்ததும் தாலுகா ஆபீசில் மனு கொடுத்தான். மனு கொடுத்த கையோடு பண்ணையார் வயலை மச்சான் பெயருக்கு மாற்றி, முருகையன் அங்கே ஏர் கட்டினதே இல்லை என்று எதிர்மனு. நில உச்சவரம்புச் சட்டத்திலிருந்து தப்பவும் அது தோது. வாய்தா மேல் வாய்தா. வயல் தரிசு. தண்ணீர் நின்று வாத்துக்காரர்கள் மந்தை இறக்குகிற இடமாகிவிட்டது. வாத்து மேய்கிற இடத்தில் நத்தைக்குப் பஞ்சமா.

அந்த மண்ணை ஆவணியில் கூலிக்கு வெட்டி என் கொட்டகையில் கொண்டுவந்து கொட்டினதும் அதே முருகையன்தான். அறுப்பு இல்லை, நடவு இல்லை, வேறு வேலை கிடையாது.

"எப்படியும் போற மண்ணு சார். நம்ம கையாலயே போவட்டும்" என்றான். அப்போது அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. கூடை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி 9, புதன்

தீபாவளி. விடியற்காலை மழை, பட்டாசு நமத்துப் போய் ஊரே அமைதி. சரோஜா எண்ணெய் வைத்துவிட்டாள். பல் வலியோடு அதிரசம்.

கூடம் முடிந்தது. போன வாரம் இரண்டாம் சுடல் பிரித்தோம், கண்ணாடி மெருகு கொஞ்சமும் சுருங்கவில்லை. கொத்தனார் நேற்று சாயங்காலம் கடைசி வரிசை பதித்தார். நீலம் நன்றாக வந்திருக்கிறது. அல்லிக்கொடி ஒரு ஓட்டிலிருந்து அடுத்த ஓட்டுக்கு நூல் பிசகாமல் போகிறது. பண்ணையார் கையால் தடவிக்கொண்டே நாலு சுவரும் சுற்றி வந்தார்.

"நூறு வருஷம் அப்படியே இருக்கும்ங்க" என்றேன். யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னது.

குறுவை அறுப்பு நிற்கிறது. கூலி நெல் கூட்டிக் கேட்டு சங்கம் வேலைநிறுத்தம். சாய்ந்த கதிர் வயலிலேயே முளைக்கிறது. டீக்கடையில் ரெண்டு பெஞ்சு, ரெண்டு கட்சி. நான் நின்றுகொண்டு குடித்தேன்.

ஐப்பசி 17, வியாழன்

மூன்று நாளாக அடைமழை. காலையில் பண்ணையார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. குடை கம்பி உடைந்தது, நனைந்துகொண்டே போனேன்.

பண்ணையார் சம்சாரம் சொன்னது: "ரெண்டு நாளா பல்லி சொல்லுதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம் தம்பி. கல்யாணப் பேச்சு எடுக்கிறப்பல்லாம் டக்கு டக்குங்குது. நல்ல சகுனம்னு நான் வேற சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன். இன்னைக்குக் கூட்டுறப்பப் பார்த்தா தரையெல்லாம் சில்லு."

கூடத்துக்குள் போனேன். அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது சுவர். அல்லிப்பூவில், கொடியில், ஓரத்தில், எல்லா இடத்திலும் மிளகளவு, காசளவு பள்ளம். ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. கிழக்குச் சுவரில் மட்டும் நாற்பத்தொன்று எண்ணினேன். எண்ணிக்கொண்டிருக்கும்போதே மேற்கில் ஒன்று தெறித்தது. சின்னச் சத்தம்தான். பல்லி என்று நினைத்ததில் தப்பில்லை.

பண்ணைக் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிற காரியக்காரர் ஒரு பள்ளத்தை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். "சுண்ணாம்புங்க. நாக்கு பொத்துப் போச்சு."

பண்ணையார் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க இதுக்குன்னு படிச்சவரு. இது சுண்ணாம்புதானா?"

"சுண்ணாம்புதாங்க."

"மண்ணு யாரு கொண்டாந்தது?"

"முருகையன்."

"மிதிச்சது?"

"வீரம்மா."

"கலந்துட்டானுவ" என்றார் காரியக்காரர்.

கேட்டது மூன்று கேள்வி. மூன்றுக்கும் உண்மையான பதில். நாலாவதாக ஒன்று நானாகச் சொல்ல வேண்டியிருந்தது. காரியக்காரர் முந்திக்கொண்டார் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதற்குப் பிறகு காபி வந்தது. ஆற்றிக் குடித்தேன். மழை விடட்டும் என்று அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பம்பாய் ஓடு தஞ்சாவூரில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று பண்ணையார் கேட்டார், அதற்கும் பதில் சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை.

ஐப்பசி 18, வெள்ளி

மழை. பதிக்காமல் மிஞ்சின ஓட்டில் இருபதை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் போட்டேன். ஒரு மாசம் முன்னால் செய்ய வேண்டியது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. மத்தியானத்துக்குள் பதினாலு தெறித்துவிட்டது. தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கேட்டேன்.

சரோஜாவிடம் எல்லாம் சொன்னேன்.

"நீங்க சொல்லலையா?"

"சந்தர்ப்பம் வரல."

"மூணு கேள்வி கேட்டாங்கன்னு சொன்னீங்க."

முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்தாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன், ரெஜிஸ்தர் எழுத வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள்.

அவள் சம்பளத்தில் வீடு ஓடுகிறது. கூடத்து வேலை போனால் நாங்கள் பட்டினி கிடக்கப் போவதில்லை. அப்புறம் ஏன் வாய் வரவில்லை? ஒரு மாதிரியாகத் தெரிகிறது: 'எனக்கு வேலை தெரியாது' என்ற ஒரு வரியை அந்தக் கூடத்தில் நின்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பயம் இல்லை, கௌரவம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைத் திறக்காமல் கெட்டவன்.

ஐப்பசி 20, ஞாயிறு

காலையில் மழை வெறித்தது. லாரியில் வெளியூர் ஆட்கள் அறுப்புக்கு இறங்கினார்கள், கூடவே போலீஸ் வேன். சங்கத்து ஆட்கள் வரப்பில் உட்கார்ந்து மறித்தார்கள். கைகலப்பு ஒன்றும் இல்லை என்றுதான் டீக்கடையில் பேச்சு. வேன் அப்படியே காலனிக்குப் போய் முருகையனை மட்டும் ஏற்றிக்கொண்டது. வரப்பில் உட்கார்ந்த அத்தனை பேரையும் விட்டுவிட்டு, வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவனை.

பத்து மணிக்கு எஸ்.ஐ. என் கொட்டகைக்கு வந்தார். சின்ன வயசு. மரியாதையான மனுஷன். சூளையைச் சுற்றிப் பார்த்தார், நீலம் எப்படி வருகிறது என்று விசாரித்தார், நானும் விளக்கினேன். பிறகு ஸ்டேஷன் ரைட்டர், பண்ணையார் கொடுத்த புகாருக்கு என் வாக்குமூலம் என்று ஒரு காகிதத்தைப் படித்தார்.

'மேற்படி ஓடுகளில் சுண்ணாம்பு இருப்பதை நான் நேரில் பார்த்து உறுதி செய்தேன். மேற்படி ஓடுகளுக்கு மண் கொண்டுவந்தது மேற்படி முருகையன். மேற்படி மண்ணை மிதித்தது அவன் மனைவி வீரம்மாள். மேற்படி முருகையனுக்கும் பண்ணைக்கும் நில வழக்கு இருப்பது எனக்குத் தெரியும்.'

"ஏதாவது தப்பா இருக்கா சார்?"

இல்லை. ஒரு வரிகூடப் பொய் இல்லை. இவ்வளவு சுத்தமான காகிதத்தை நான் பார்த்ததில்லை.

"நத்தை..." என்று ஆரம்பித்தேன்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல."

கையெழுத்துப் போட்டேன்.

ஐப்பசி 21, திங்கள்

வீரம்மா வரமாட்டாள் என்று நினைத்தேன். எட்டு மணிக்கு வழக்கம் போல வந்து, சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு மண்ணில் இறங்கினாள். வேலை எதுவும் இல்லை, மிதித்து என்ன செய்யப் போகிறோம். ஆனால் நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எதற்குத்தான் வாய் வந்தது.

மத்தியானம் ஒரு வார்த்தை சொன்னாள். என்னிடம் என்றுகூட இல்லை, தொட்டியைப் பார்த்து. "சப்-ஜெயிலுக்குக் கொண்டு போயிட்டாங்க. காலு வீங்கியிருக்குன்னாங்க."

தொட்டியில் தெறித்த ஓட்டுச் சில்லெல்லாம் அடியில் கிடந்தது. அவள் பார்த்திருப்பாள். அள்ளிப் போட நான் மறந்துவிட்டேன்.

சரோஜா ஒரு தூக்குச் சோறு கட்டி வீரம்மாவிடம் கொடுத்தனுப்பினாள். என்னிடம் சொல்லவில்லை.

ஐப்பசி 23, புதன்

ஸ்டேஷனுக்குப் போவது என்று முடிவு. சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன்.

நத்தை ஓடு சுட்டால் சுண்ணாம்பு ஆகும்.
வீரம்மா முன்கூட்டியே சொன்னாள்.
ஊறப்போட்டுப் பார்க்காதது என் தப்பு.
யாரும் எதுவும் கலக்கவில்லை.

நாலே வரி. பஸ் நிறுத்தத்தில் காரியக்காரர் நின்றுகொண்டிருந்தார். "என்ன சார், டவுனுக்கா?" "பல்லு வலி, டாக்டரப் பார்க்கணும்" என்றேன். அவரும் அதே பஸ். இறங்குகிற இடம் வரை பக்கத்தில் உட்கார்ந்து, தன் மாமனாருக்குப் பல் பிடுங்கின கதை. இறங்கினதும் நேரே பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்தேன். பிடுங்கிவிட்டார். வாய் நிறையப் பஞ்சோடு திரும்பினேன்.

இதை எழுதும்போதே அருவருப்பாக இருக்கிறது. பல்கூட உண்மையாகவே வலித்தது. நான் சொல்கிற எல்லாமே உண்மையாகத்தான் இருந்து தொலைக்கிறது.

ஐப்பசி 25, வெள்ளி

மழை. காய்ச்சல் மாதிரி. படுத்திருந்தேன். சரோஜா கஞ்சி வைத்தாள். ஐந்து நாளாகச் 'சாப்பிடுறீங்களா', 'கதவைச் சாத்துங்க' தவிர வேறு பேச்சு இல்லை. திட்டினால் பரவாயில்லை.

வீரம்மா நேற்றும் வந்தாள், இன்றும் வந்தாள். காலையில் வந்ததும் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு மண்ணில் இறங்குகிறாள்.

ஐப்பசி 28, திங்கள்

போய்ச் சொல்லிவிட்டேன். ஸ்டேஷனில் இல்லை, பண்ணையாரிடம். கூடத்தில் ஆட்கள் என் ஓட்டைக் கொத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் நின்று, நத்தை, சுடல், ஊறப்போடாதது, வீரம்மா சொன்னது, என் புத்தி கெட்டது, எல்லாம் சொன்னேன். 

அவர் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டார்.

"உக்காருங்க தம்பி. நத்தை ஓட்டுல சுண்ணாம்பு வரும்னு எனக்குத் தெரியாதா? நான் வயக்காட்டுல பொறந்தவன். கிளிஞ்சல் வராத வருஷம் நத்தை ஓட்டச் சுட்டுத்தான் எங்கப்பா இந்த வீட்டுக்கு வெள்ளையடிச்சாரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப முருகையன்..."

"அவனுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கான். நாலு மாவுல தனக்குப் பாத்தியதை இல்லேன்னு எழுதிக் குடுத்தா அன்னைக்கே கேஸ வாபஸ் வாங்கிக்கிறேன். நாலு வருஷமா கோர்ட்டு கோர்ட்டா அலையிறேன் தம்பி. உங்க ஓடு வெடிச்சதுல அது ஒரு வாரத்துல முடியுது."

கொத்துகிற ஆளிடம் "பார்த்துய்யா, சுவர் போயிடும்" என்று ஒரு அதட்டல். பிறகு மறுபடி என்னிடம், நல்லபடியாகவே:

"அன்னைக்கு எல்லாரும் இருக்கிறப்பவே நீங்க இதச் சொல்லியிருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. வீட்டு ஆளுங்க, கொத்தனாரு, எல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. நீங்க சொல்லல. சரி, நம்ம பையன்னு நெனச்சேன். கல்யாணம் முடியட்டும். மாடிக்கு ஓடு நீங்கதான் போடுறீங்க. கோடையில குளத்து மண்ணே எடுத்துக்குங்க, அதுக்குள்ள கரையில செவப்புக் கொடி இருக்காது."

வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். எடுக்கவில்லை. இதுதான் இந்த மாசத்தில் நான் காட்டின வீரம்.

ஐப்பசி 30, புதன்

ஸ்டேஷனுக்கே போனேன். இந்தத் தடவை உள்ளே போனேன். நாலு வரிக் காகிதத்தை நீட்டினேன். எஸ்.ஐ. நாற்காலி போடச் சொன்னார். டீ வரவழைத்தார். காகிதத்தைப் படித்துவிட்டு, மேஜையிலிருந்து என் பழைய வாக்குமூலத்தை எடுத்து முன்னால் வைத்தார்.

"இதுல எது பொய்னு சொல்லுங்க சார், அடிச்சிடுறேன்."

படித்தேன். அடிக்க ஒரு வரி இல்லை.

"கூடுதலா ஏதாவது சொல்லணும்னா வாய்தாவுக்கு வந்து கோர்ட்டுல சொல்லுங்க. யாரு வேணாம்கிறா? கார்த்திகை பன்னெண்டு."

பன்னிரண்டு. பஸ்ஸில் வரும்போது முதல் தடவையாகக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. கோர்ட்டில் சொல்லிவிட்டால் எழுத்தில் ஏறிவிடும், யாரும் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்க முடியாது. சரோஜாவிடம் சொன்னேன். "தேதிய எழுதி வச்சுக்குங்க" என்றாள். பிறகு, "சட்டை இஸ்திரி போடணும்" என்றாள். பத்து நாளில் அவள் என்னிடம் பேசின நீளமான பேச்சு.

கார்த்திகை 3, சனி

பனி விழுகிறது. சூளைக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது, மூன்று. கோர்ட்டில் சொல்ல வேண்டியதை இன்னும் தெளிவாக எழுதினேன். ஓட்டுச் சில்லு ஆறு, நத்தை ஓடு ஒரு பொட்டலம், பயிற்சிப் பள்ளி நோட்டு, எல்லாம் ஒரு பையில். நீதிபதிக்கு முன்னால் சில்லைத் தண்ணீரில் போட்டுக் காட்டலாம் என்றெல்லாம் யோசனை. கிறுக்கன். வெடித்து முடிந்த சில்லு இரண்டாம் தடவை வெடிக்குமா.

வீரம்மாவிடம் வாய்தா பற்றிச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிடுவேனோ என்று பயம். என்னை எனக்குத் தெரிகிறது இப்போது.

கார்த்திகை 5, திங்கள்

வெயில். வீரம்மா பத்து மணி வரை வரவில்லை. வந்தபோது வேலைச் சேலை இல்லை, வெளுத்த சேலை. கையில் உறை போட்ட பத்திரம்.

"இதுல ஒரு கையெழுத்து வேணும் சார். ரெண்டு சாட்சி கேக்குறாங்க. ஒண்ணு காரியக்காரரு போட்டுட்டாரு. இன்னொண்ணு நீங்க போட்டா ஒரு கேள்வியும் வராதுன்னு சொன்னாங்க."

வாங்கிப் படித்தேன். 'நாலு மா என்று வழங்கும் மேற்படி நிலத்தில் எனக்கோ என் தகப்பனாருக்கோ எக்காலத்திலும் குத்தகைப் பாத்தியதையோ அனுபவமோ இருந்ததில்லை.' கீழே முருகையனின் பெருவிரல் ரேகை. முருகையனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பெயரை அழகாக எழுதுவான், கூடைச் சீட்டில் பார்த்திருக்கிறேன். ஏன் ரேகை என்று கேட்டேன்.

"வெரலு மடங்கல சார்."

வாய்தா பன்னிரண்டாம் தேதி, நான் கோர்ட்டுக்கு வருகிறேன், எல்லாவற்றையும் சொல்கிறேன், ஒரு வாரம் பொறு என்று சொன்னேன். பையை எடுத்துக் காட்டினேன். நோட்டைப் பிரித்துச் சிவப்புக் கோட்டைக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இதக் குடுத்தா வாய்தாவே இல்ல சார். அஞ்சு மணிக்குள்ள குடுத்தா இன்னைக்கே விட்டுடுவாங்க. இன்னும் ஒரு வாரம் அங்க கெடந்தார்னா நடக்கமாட்டாரு."

பேனாவைக் கொஞ்ச நேரம் தேடினேன். சட்டைப் பையில்தான் இருந்தது.

போட்டேன். பெயர், தகப்பனார் பெயர், ஊர். அவள் மையை ஊதிக் காயவைத்து, உறையில் போட்டு, மடியில் செருகிக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"மொத நாளு ஸ்டேசன்லயே அவரு சொல்லியிருக்காரு சார். ஓட்டுக்கார சாரக் கேளுங்க, அது நத்தைன்னு அவருக்குத் தெரியும், படிச்சவரு, சொல்லிடுவாருன்னு. அடிக்கிறப்பவும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாராம். நானும் தெனம் காலையில வந்து உங்க மொகத்தப் பார்ப்பேன், இன்னைக்குச் சொல்லியிருப்பாரான்னு. நீங்களாத்தான் சொல்லணும், நாம கேக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

நான் ஏதோ சொல்ல எழுந்தேன். அவள் நிற்கவில்லை. வாசல் தாண்டி, செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"நாளையிலேருந்து வரல சார். கையெழுத்து வாங்குற வரைக்கும் சொல்ல வேணாம்னு இருந்தேன்."